கலைமான் சின்னத்துக்காரர்கள்: பர்ச்ஃபீல்ட் ஹாரியர்ஸ் பழைய வீரர்களைப் பற்றி உங்கள் அனுபவம்

மன்னார்குடிக்காரன்:

பர்மிங்காமில் இருக்கும் நம்மவர்களுக்கு அலெக்சாண்டர் மைதானம் என்றதும் 2022 காமன்வெல்த் போட்டிதான் நினைவுக்கு வரும். எனக்கு செவ்வாய்க்கிழமை மாலைகள். மகள் அங்கே பர்ச்ஃபீல்ட் ஹாரியர்ஸ் கிளப்பில் ஓடுகிறாள். அவளை விட்டுவிட்டு ஒன்றரை மணி நேரம் குளிரில் காத்திருக்கும் அப்பாக்களில் நானும் ஒருவன்.

போன மாதம் நல்ல மழை. கூரைக்குக் கீழே ஒதுங்கி நின்றபோது பக்கத்தில் ஒரு பெரியவர். எண்பது வயது தாண்டியிருக்கும். தொப்பியில் கிளப்பின் ஓடும் கலைமான் சின்னம். மகள் என்ன தூரம் ஓடுகிறாள் என்று கேட்டார். 800, 1500 என்றேன். “அப்படியானால் டயான் லெதரைத் தெரிந்திருக்குமே?” என்றார். தெரியாது என்றேன். அவர் முகம் வாடியதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ரோஜர் பேனிஸ்டர் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு மைலை 4 நிமிடத்துக்குள் ஓடியது 1954 மே 6. நம் ஊர் பொது அறிவுப் புத்தகத்திலேயே படித்திருக்கிறோம். அதற்கு 23 நாள் கழித்து, மே 29 அன்று, பர்மிங்காமின் பெரி பார் பகுதியில் இந்தக் கிளப்பின் பழைய திடலில் 21 வயதுப் பெண் ஒருவர் ஒரு மைலை 4 நிமிடம் 59.6 விநாடியில் ஓடினார். 5 நிமிடத்துக்குள் மைல் ஓடிய முதல் பெண் அவர்தான். பர்மிங்காம் பல்கலைக்கழக வேதியியல் ஆய்வகத்தில் வேலை. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கைப் பார்த்த பிறகுதான் ஓடவே வந்திருக்கிறார். இரண்டே வருடத்தில் இது! மே 26 அன்று ஓடியபோது 5 நிமிடம் 0.2 விநாடி. மூன்று நாள் பொறுத்து மறுபடி வந்து உடைத்திருக்கிறார்.

பெரியவர் இதைச் சொல்லும்போது கைக்கடிகாரத்தை ஒரு விரலால் தொட்டுக்கொண்டே இருந்தார். வீட்டுக்கு வரும் வழியில் மகளிடம் சொன்னேன். அவளுக்கும் அந்தப் பெயர் புதிது. ஒவ்வொரு வாரமும் அதே சின்னம் போட்ட பனியனை மாட்டிக்கொண்டு ஓடுகிறாள்! அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

இந்த ஊரிலும் சுற்று வட்டாரத்திலும் நம் ஆட்கள் நிறைய இருக்கிறீர்கள். 1877இல் தொடங்கிய கிளப். இதன் பழைய வீரர்களை நேரில் பார்த்தவர்கள், கேள்விப்பட்டவர்கள், அவர்களால் ஏதோ ஒரு விதத்தில் தொடப்பட்டவர்கள் எழுதுங்கள். டயான் லெதரின் உலக சாதனையைப் போல நமக்குத் தெரியாமல் இன்னும் எத்தனை இருக்கிறதோ.

கொக்குவில் அக்கா:

தம்பி, ஒரு திருத்தம். அதை உலக சாதனை என்று எவரும் பதியவில்லை. சர்வதேச தடகள சம்மேளனம் பெண்களின் மைல் ஓட்டத்தைக் கணக்கில் எடுக்கத் தொடங்கியது 1967இல்தான். அதுவரைக்கும் அது வெறும் ‘உலகின் சிறந்த நேரம்’. நீங்கள் எழுதியதைப் படித்த உடனே எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

நான் இங்கே முதியோர் வார்டில் பதினெட்டு வருடம் தாதியாக இருந்தேன். இடுப்பெலும்பு முறிந்து வந்திருந்த ஒரு அம்மாவை நடக்கப் பழக்கிக்கொண்டிருந்தோம். பெயர் வேண்டாம். இளம் வயதில் இங்கே ஓடியவர். நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வார்டின் நீளத்துக்கு ஒரு தடவை போய் வந்தால் “இது ஒரு சுற்று” என்று எண்ணுவார். நானும் பள்ளியில் ஓடினவள்தான், இல்லங்களுக்கிடையிலான மெய்வல்லுநர் போட்டியில் 200 மீற்றர் முதலாமிடம் என்று சொன்னேன். அதற்கு மேல் தூரம் ஏன் ஓடவில்லை என்று கேட்டார். எங்கள் காலத்தில் பெண் பிள்ளைகளை அதற்கு மேல் விடமாட்டார்கள், கர்ப்பப்பைக்குக் கூடாது என்பார்கள் என்றேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, “எங்களுக்கும் அதையேதான் சொன்னார்கள்” என்றார்.

பிறகு அந்த மே மாதத்து மத்தியானத்தைப் பற்றிக் கதைத்தார். மிட்லண்ட்ஸ் பெண்கள் போட்டி. நிலக்கரிச் சாம்பலைக் கொட்டி இறுக்கிய தடம். டயான் அதே மத்தியானம் ஏற்கெனவே அரை மைல் ஓடிவிட்டு வந்துதான் மைலுக்கு நின்றாராம். ஓடி முடித்துக் கிடைத்த கைதட்டலோடு அது முடிந்துவிட்டது. அடுத்த கிழமை வேலைக்குப் போய்விட்டார்.

ஏன் இவ்வளவு அலட்சியம் என்று யோசித்தால் 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்குக்குப் போக வேண்டும். அங்கே பெண்கள் 800 மீற்றர் ஓடினார்கள். முடிவில் களைத்து விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் பெரிதாக்கி எழுதின. அதோடு ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 200 மீற்றருக்கு மேல் ஓட்டமே இல்லை. 800 திரும்பி வந்தது 1960 ரோமில். 1500 வந்தது 1972 மூனிக்கில். கணக்குப் பாருங்கள். டயான் உச்சத்தில் இருந்த வருடங்களில் ஒலிம்பிக்கில் அவருக்கு ஓடுவதற்கு ஒரு போட்டியே இல்லை. ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் 800 மீற்றரில் 1954, 1958 இரண்டு தடவையும் வெள்ளி. ரோமுக்குப் போனபோது வயது 27, முதல் சுற்றோடு வெளியேறிவிட்டார். 1955இல் மைலை 4 நிமிடம் 45 விநாடிக்குக் கொண்டு வந்திருந்தார். அதுவும் உலக சாதனையாகப் பதியப்படவில்லை.

இது அநியாயம். அழகாகச் சொல்லி இதை மென்மைப்படுத்த எனக்கு விருப்பமில்லை. 2018இல் அவர் இறந்த செய்தி வந்தபோது எனக்கு அந்த அம்மாவின் ஞாபகம்தான் முதலில் வந்தது. டயானின் நேரத்தை ஒரு தசமம்கூட விடாமல் எனக்குச் சொன்னவர் அவர். தான் காலையில் என்ன சாப்பிட்டேன் என்பதை அன்று மறந்திருந்தார்.

நெல்லை ரயில்:

அக்கா எழுதியதற்குப் பிறகு நான் எழுதுவது சின்ன விஷயம்தான்.

2004இல் உல்வர்ஹாம்ப்டனில் படித்துக்கொண்டிருந்தேன். ஆறு பேர் ஒரு வீட்டில். ஆகஸ்ட் 28 சனிக்கிழமை, ஏதென்ஸ் ஒலிம்பிக் 4×100 மீட்டர் தொடர் ஓட்ட இறுதி. அமெரிக்கா ஜெயிக்கும் என்று எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள். பிரிட்டன் அணியில் கடைசி ஆள் மார்க் லூயிஸ்-பிரான்சிஸ். பர்ச்ஃபீல்ட் கிளப், பக்கத்து டார்லஸ்டன் பையன். அவருக்குப் பின்னால் துரத்தி வந்தவர் மாரிஸ் கிரீன், சிட்னி 100 மீட்டர் சாம்பியன். கோட்டைத் தாண்டியதும் யார் ஜெயித்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அப்புறம் திரையில் வந்தது: பிரிட்டன் 38.07, அமெரிக்கா 38.08.

வீட்டில் எல்லாரும் குதித்தார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன். 1984 லாஸ் ஏஞ்சலீசில் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் வெண்கலத்தைத் தவறவிட்டதும் இதே நூறில் ஒரு பங்குதான். ருமேனியப் பெண்ணுக்கு 55.41, உஷாவுக்கு 55.42. நான் அப்போது கைக்குழந்தை, ஆனால் அப்பா வாராவாரம் சொல்லிச் சொல்லி அது நான் பார்த்த ஓட்டம் மாதிரியே ஆகிவிட்டது. அந்த ஒரு துளி நேரம் ஒருவருக்குச் சாதகமாக விழுந்ததை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். ஊருக்கு போன் போட்டு அப்பாவிடம் சொன்னேன். “ஜெயிச்சவன் நல்லா இருக்கட்டும்” என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஒரு தாய்:

பெயர் போட விரும்பவில்லை. என் மகனுக்கு ஆறு வயதில் சிறுநீரகக் கோளாறு வந்தது. முகம் வீங்கும், கால் வீங்கும், மருந்தில் உடம்பு ஊதும். பள்ளியில் விளையாட்டு நேரத்தில் அவனைத் தனியாக உட்கார வைத்துவிடுவார்கள். அந்த இரண்டு வருடத்தில் நான் வேண்டாத தெய்வமில்லை.

மருத்துவமனையில் காத்திருந்தபோது இன்னொரு குழந்தையின் தாத்தா, வெள்ளைக்காரர், பீட்டர் ராட்ஃபோர்டைப் பற்றிச் சொன்னார். வால்சாலில் பிறந்தவர். ஐந்து வயதில் நெஃப்ரைட்டிஸ், அதாவது சிறுநீரக அழற்சி. சில வருடம் சக்கர நாற்காலியில் இருந்த குழந்தை. அந்தக் குழந்தை பர்ச்ஃபீல்ட் பனியனில் 1960 மே 28 அன்று உல்வர்ஹாம்ப்டனில் 200 மீட்டரை 20.5 விநாடியில் ஓடி உலக சாதனை செய்தது. அதே வருடம் ரோமில் 100 மீட்டரில் வெண்கலம், தொடர் ஓட்டத்தில் இன்னொரு வெண்கலம். நான் வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன், அவர் சொன்னது அத்தனையும் சரி.

என் மகன் ஓட்டக்காரன் ஆகவில்லை. இப்போது நன்றாக இருக்கிறான், பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். ஆனால் அந்த நாட்களில் ராத்திரி அவனுக்குச் சொன்ன கதை ராட்ஃபோர்டின் கதைதான். “அந்த அண்ணா நாற்காலியை விட்டு எழுந்த இடத்தை மறுபடி சொல்லும்மா” என்பான். எனக்கு அந்த இடம் சரியாகத் தெரியாது. தினமும் ஒரு மாதிரி சொன்னேன்.

ஹேண்ட்ஸ்வொர்த் சிவா கடை வாசல்:

ஸ்டூவர்ட் குடும்பத்தை யாரும் சொல்லவில்லையே! இயன், பீட்டர், மேரி. ஒரே வீட்டுப் பிள்ளைகள், மூன்று பேரும் இந்தக் கிளப். 1970 எடின்பரோ காமன்வெல்த்தில் இயன் 5000 மீட்டரை 13:22.8இல் ஜெயித்தபோது மூன்றாவதாக வந்தவர் கென்யாவின் ஒலிம்பிக் சாம்பியன் கிப் கெய்னோ என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 1975இல் ஐரோப்பிய உள்ளரங்க 3000 மீட்டர் தங்கம், ஒரு வாரத்தில் மொராக்கோ போய், திறந்தவெளியில் ஓடும் உலகக் குறுக்கோட்டத்தில் தங்கம். உள்ளரங்கத் தடமும் திறந்தவெளியும் ஒரே வாரத்தில்! தங்கை மேரி 1978 காமன்வெல்த்தில் 1500 மீட்டர் தங்கம். அப்பா ஸ்காட்லாந்துக்காரர் என்பதால் இயன் ஓடியது ஸ்காட்லாந்துக்கு, மேரி ஓடியது இங்கிலாந்துக்கு.

2022 போட்டியில் நான் தொண்டராக நின்றேன், வாசலில் வழி காட்டும் வேலை. டெனிஸ் லூயிஸ் தொலைக்காட்சிக் குழுவோடு போவதைத் தூரத்தில் இருந்து பார்த்தேன். சுற்றிலும் இளம் பிள்ளைகள், அவர்களில் பாதிப் பேருக்கு அவர் யாரென்று தெரியவில்லை. என் பக்கத்தில் நின்ற சக தொண்டருக்கும் தெரியவில்லை. நான் சொன்னேன்: இந்தக் கிளப்பின் வீராங்கனை, 2000 சிட்னி ஒலிம்பிக்கில் ஏழு போட்டிகள் கொண்ட ஹெப்டத்லானில் தங்கம் வென்றவர். இரண்டாம் நாள் இடது காலில் வலி, கட்டுப் போட்டுக்கொண்டு கடைசி 800 மீட்டரை ஓடினார். 6584 புள்ளி. இரண்டாம் இடத்துக்கு 6531. அந்த 53 புள்ளி வித்தியாசத்தைக் கட்டுப்போட்ட காலோடு காப்பாற்றியவர்.

இன்னொன்று. அதே கிளப்பின் கெல்லி சோதர்டன் 2008 பெய்ஜிங்கில் அதே ஹெப்டத்லானில் ஐந்தாவதாக வந்தார். முன்னால் இருந்த இருவர் ஊக்கமருந்துக்காகப் பின்னாளில் நீக்கப்பட்டதால் வெண்கலம் அவருக்கு வந்தது, கிட்டத்தட்ட பத்து வருடம் கழித்து. மேடை, கொடி, அந்த நாள் மைதானத்துச் சத்தம் எதுவும் திரும்பி வராது. கொக்குவில் அக்கா சொன்ன டயான் கதையோடு இதையும் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது.

மன்னார்குடிக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. அக்கா, திருத்தியதற்குத் தனி நன்றி. மகளிடம் உங்கள் பதிவை முழுவதும் வாசித்துக் காட்டினேன். கர்ப்பப்பை விஷயம் வந்த இடத்தில் “நிஜமாகவா அப்பா?” என்று இரண்டு முறை கேட்டாள்.

நேற்றுப் பயிற்சி முடிந்ததும் ஒரு மைல் ஓடிப் பார்க்க வேண்டும் என்றாள். இப்போதைய 400 மீட்டர் தடத்தில் நான்கு சுற்று போட்டால் மைலுக்கு ஒன்பது மீட்டர் குறையும். அதனால் கோட்டுக்கு ஒன்பது மீட்டர் பின்னால் நின்று தொடங்கினாள். அந்தப் பெரியவரும் வந்திருந்தார். நான் போனில் நேரம் எடுத்தேன், அவர் தன் கடிகாரத்தில் எடுத்தார். மகளுக்கு வயது 13. 6 நிமிடம் 40 விநாடி.

மூச்சு வாங்கிக்கொண்டே, டயான் முடித்தபோது நான் எங்கே இருந்திருப்பேன் என்று கேட்டாள். பெரியவர் மனக்கணக்காகவே சொல்லிவிட்டார், இதோ இங்கேதான், உனக்கு இன்னும் ஒரு முழுச் சுற்று பாக்கி இருந்திருக்கும் என்று. மகள் அந்தக் கோட்டைப் பார்த்தாள், பிறகு தடத்தைச் சுற்றி ஒரு முறை பார்த்தாள். “முழுசாவா?” என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் தன் அறைக் கதவுக்குப் பின்னால் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறாள். மேலே 4:59.6, கீழே 6:40. நடுவில் நிறைய இடம் விட்டிருக்கிறாள்.