ஜனவரிக் குளிரில் லண்டன், பாரிஸ் பயணம்: எதை உடுத்துவது, எதைக் கொண்டு செல்வது?

கேள்வி (வெள்ளவத்தை)

வணக்கம். ஜனவரி நடுப்பகுதியில் அக்காவின் மகனுடைய திருமணத்துக்காக லண்டன் சென்று, அங்கிருந்து பாரிஸில் உள்ள தம்பி வீட்டுக்கும் போய்வர இருக்கிறேன். இந்தியாவைத் தவிர வேறெந்த நாட்டுக்கும் நான் போனதில்லை. கொழும்பு வெக்கையில் பருத்திச் சட்டையோடு வாழ்ந்து பழகிய உடம்பு. வயது அறுபதை நெருங்குகிறது, நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுக்கிறேன். குளிருக்கான ஜக்கெற்றை இங்கேயே வாங்குவதா, அங்கே போய் வாங்குவதா? திருமணத்தன்று வேட்டி சால்வைதான் உடுத்த வேண்டும் என்று அக்கா சொல்லிவிட்டார். அந்தக் குளிரில் அது இயலுமா? பிள்ளைகள் இப்போதே பெரிய பெட்டிகளை நிரப்பத் தொடங்கிவிட்டார்கள், எனக்கோ சுமை தூக்க முடியாது. போய்வந்தவர்கள் விளக்கமாக எழுதினால் பேருதவியாக இருக்கும்.

பதில் 1 (கொட்டாஞ்சேனை)

அண்ணா, தடித்த ஜக்கெற் ஒன்றை மட்டும் நம்பிப் போகாதீர்கள். ஜனவரியில் லண்டனில் பகலில் 8 பாகை செல்சியஸ் அளவிலும் இரவில் 2, 3 பாகை அளவிலும் இருப்பது வழக்கம். பாரிஸும் ஏறக்குறைய அப்படித்தான். ஆனால் வீடுகளும் கடைகளும் சூடாக்கப்பட்டிருக்கும், சுரங்க ரயிலுக்குள் வியர்க்கவும் கூடும். ஆகவே கழற்றவும் மீண்டும் போடவும் வசதியாக, உடலோடு ஒட்டிய வெப்ப உள்ளாடை, அதன்மேல் கம்பளிச் சுவெற்றர், எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் மழையும் புகாத ஜக்கெற் என்று மூன்று அடுக்காக உடுத்துங்கள். நாம் அன்றாடம் போடும் பருத்திப் பெனியனை அடியில் போட வேண்டாம். அது வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருந்து, வெளியே வந்ததும் உடம்பைக் குளிர வைத்துவிடும். கம்பளியோ ஈரப்பட்டாலும் ஓரளவு சூட்டைக் காக்கும்.

நம் நாட்டு ஆடைத் தொழிற்சாலைகள் மேல்நாடுகளுக்காகத் தைப்பவற்றில் எஞ்சியவை கொழும்பில் விற்பனைக்கு வருவதால், புறக்கோட்டைப் பக்கம் தேடினால் நல்ல ஜக்கெற் கிடைக்கும். வாங்கும்போது சுவெற்றரைப் போட்டுக்கொண்டே அளவு பாருங்கள். கைகளை முன்னே நீட்டினால் மணிக்கட்டு மூடியிருக்க வேண்டும், சிப்புக்குப் பின்னால் காற்றைத் தடுக்கும் துணிப்பட்டி இருக்க வேண்டும், உள்தையல் பிரிந்திருக்கக் கூடாது. அதைப் பெட்டிக்குள் திணிக்காமல் கையில் எடுத்துச் சென்றால் நிறையும் மிச்சம், இறங்கியவுடன் உதவவும் செய்யும்.

பதில் 2 (தெஹிவளை)

ஜக்கெற் பற்றி மேலே சொன்னதில் எனக்கு முழு உடன்பாடில்லை. உங்கள் அக்கா வீட்டில் உங்கள் அளவுக்கு ஒன்று நிச்சயம் இருக்கும், கேட்டுப் பாருங்கள். விமான நிலையத்துக்கு வருபவர் அதைக் கொண்டுவந்தால் போதும். அந்தப் பணத்தைச் சப்பாத்துக்குச் செலவிடுங்கள். நீரிழிவு உள்ளவருக்கு ஜக்கெற்றைவிடக் கால்தான் முக்கியம்.

றப்பர் அடியும் நீர் புகாத மேற்பகுதியும் கொண்ட சப்பாத்தை, கம்பளிக் காலுறையோடு போட்டுப் பார்த்து, மாலை வேளையில் வாங்குங்கள். பகலெல்லாம் நடந்தபின் கால் சற்று வீங்கியிருக்கும், அந்த அளவே சரியான அளவு. புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே அதை அணிந்து காலிமுகத்திடலில் நடந்து பழகிவிடுங்கள், ஏனென்றால் புதுச் சப்பாத்து கடித்து உண்டாகும் கொப்புளம் உங்களுக்கு எளிதில் ஆறாது. நேரடி விமானத்தில் ஏறினாலும் பதினொரு மணித்தியாலம் அளவில் உட்கார வேண்டும் என்பதால் கயிற்றைத் தளர்த்திவிட்டு, இடையிடையே எழுந்து நடவுங்கள். இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்கிறேன்: கால் விறைக்கிறது என்று வெறுங்காலை ஹீற்றரில் வைத்துச் சூடேற்றாதீர்கள். உணர்வு குறைந்த காலில் தோல் வெந்தாலும் தெரியாது.

வேட்டி தாராளமாக உடுத்தலாம். உள்ளே வெப்ப உள்ளாடையின் காற்பகுதியை முழங்காலுக்குச் சற்றுக் கீழ்வரை மடித்துவிட்டால் வெளியே தெரியாது. மண்டபம் வரை நீளக் காற்சட்டையோடு போய், அங்கே மாற்றிக்கொள்ளுங்கள். வீட்டில் இரவுக்கு நம்முடைய சாரமே போதும்.

பதில் 3 (பம்பலப்பிட்டி)

மாத்திரைகள் அனைத்தும், வைத்தியரின் சிட்டையோடு, அவற்றின் சொந்தப் பெட்டிகளிலேயே கைப்பொதியில் இருக்கட்டும். பெரிய பெட்டி ஒருநாள் தாமதித்தாலும் மருந்து தவறாது. இதை வாசிப்பவர்களில் இன்சுலின் போடுபவர்கள் இருந்தால், சரக்காக அனுப்பும் பெட்டியில் அதை வைக்கவே வேண்டாம், உறைந்து கெடக்கூடும். பவர் பேங்கும் கைப்பொதியில்தான் செல்ல வேண்டும். சவர அலகை மட்டும் பெரிய பெட்டியில் போடுங்கள். தலைக்கு வைக்கும் தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கீழே கட்டியாகிவிடும் என்பதால், குறுகிய வாய்ப் போத்தலில் கொண்டு போனால் எடுக்க முடியாது, அகன்ற வாயுள்ள சிறு டப்பா நல்லது.

கடவுச்சீட்டை ஜக்கெற் பையில் வைக்கும் வழக்கம் நம்மவர் பலரிடம் உண்டு. உணவகத்திலோ மண்டபத்திலோ ஜக்கெற்றைக் கழற்றி வேறோர் இடத்தில் தொங்கவிடுவீர்கள், அப்போது கடவுச்சீட்டும் அங்கேயே தொங்கும். பாரிஸ் மெட்ரோவிலோ பிக்பொக்கற்காரர் தொல்லை அதிகம். ஆகவே சட்டைக்கு உள்ளே அணியும் தட்டையான துணிப்பை ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.

நம் வீடுகளில் உள்ள சதுர மூன்றுமுனைப் பிளக் லண்டனில் அப்படியே பொருந்தும், பாரிஸில் வட்ட இருமுனை என்பதால் அதற்கு மட்டும் ஓர் அடப்டர் போதும். மற்றபடி இரண்டு காற்சட்டை, நான்கைந்து சட்டை, காதை மூடும் தொப்பி, கையுறை, கழுத்துச் சால்வை. உறவினர் வீடுகளில் துணி துவைக்கும் இயந்திரம் இருப்பதால், பிள்ளைகள் நிரப்பும் பெட்டிகளில் ஒன்றை வெறுமையாக்கி வீட்டிலேயே வைத்துவிடலாம், ஐயா.