ஜாயின்ட் எஃப்டியை மனைவி பேருக்கு மாற்றினால் வரி குறையுமா?

மலைக்கோட்டை:
சம்பளம் வருஷத்துக்கு 28 லட்சம், புதிய வரி முறை. நானும் மனைவியும் சேர்ந்து 40 லட்சத்துக்கு எஃப்டி வைத்திருக்கிறோம். 7 சதவீத வட்டி, ஐதர் ஆர் சர்வைவர் (இருவரில் யார் வேண்டுமானாலும் இயக்கலாம்), முதல் பெயர் என்னுடையது. இதில் 8 லட்சம் மனைவியின் பிறந்த வீட்டு நிலம் விற்றதில் வந்த பங்கு, அவங்க கணக்கிலிருந்தே போட்டது. மீதி என் சம்பளச் சேமிப்பு. அவங்களுக்கு வேறு வருமானம் கிடையாது. மொத்தத்தையும் அவங்க பேரில் மாற்றி, வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று வங்கிக்கு 15ஜி படிவம் கொடுத்துவிட்டால் 2.8 லட்சம் வட்டிக்கும் வரி இல்லாமல் போகுமா? கிஃப்ட் என்று வரி வருமா?

பேரேடு:
கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: மனைவிக்குக் கொடுக்கும் பணத்துக்கு, எவ்வளவு ஆனாலும், அவங்க கையில் வரி இல்லை. சிக்கல் அதற்கு அப்புறம்தான். 1961 வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 64(1)(iv) படி, பிரதிபலன் வாங்காமல் மனைவிக்குக் கொடுத்த சொத்திலிருந்து வரும் வருமானம் கணவன் கணக்கில்தான் சேரும். இதைத்தான் கிளப்பிங் என்கிறோம். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டத்தில் பிரிவு, படிவ எண்கள் மாறுகின்றன, விதி போகவில்லை. இங்கே சொல்வதெல்லாம் பழைய எண்கள்.

எஃப்டி ரசீதில் யார் பெயர் முதலில் என்பது டிடிஎஸ் (வங்கி வட்டியிலிருந்து முன்கூட்டியே பிடிக்கும் வரி) யார் பானில் விழும் என்பதை மட்டும் தீர்மானிக்கும். வட்டிக்கு வரி கட்ட வேண்டியவர், பணம் யாருடையதோ அவர். அதனால் உங்கள் 40 லட்சத்தை இரண்டாகப் பாருங்கள். 32 லட்சத்தின் வட்டி 2,24,000, அது உங்களுடையது. 30 சதவீதமும் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து 69,888 ரூபாய் வரி. 8 லட்சத்தின் வட்டி 56,000, அது முழுக்க மேடத்துடையது. இப்போது எல்லாமே உங்கள் பானில் ஓடுவதால் அந்த 56,000-க்கும் நீங்கள் 17,472 கட்டிக்கொண்டிருப்பீர்கள். இந்த மிச்சம் உடனே கையில் இருக்கிறது. முதிர்வு வரும்போது அந்த 8 லட்சத்தை அவங்க மட்டும் உள்ள எஃப்டியாகப் பிரித்துவிடுங்கள். நடுவில் உடைத்தால் பல வங்கிகள் அரை முதல் ஒரு சதவீதம் வரை வட்டியில் பிடிக்கும். நில விற்பனைப் பத்திர நகல், பணம் வந்த ஸ்டேட்மென்ட் இரண்டையும் பத்திரமாக வையுங்கள். பின்னால் கேட்டால் காட்ட அதுதான் ஆதாரம்.

கூட்டுவட்டி:
15ஜி-யில் யாரும் கவனிக்காத ஒரு வாசகம் இருக்கிறது. அந்தப் படிவத்தின் உறுதிமொழியிலேயே, இந்த வருமானம் 60 முதல் 64 வரையிலான பிரிவுகளின்படி வேறு யாருடைய வருமானத்திலும் சேராது என்று எழுதியிருக்கும். 32 லட்சத்துக்கு மேடம் அதில் கையெழுத்துப் போட்டால் அது பொய் உறுதிமொழி. பிரிவு 277-ல் வழக்கு வரைக்கும் போகலாம். அவங்களுடைய 8 லட்சத்துக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். 56,000 என்பது 50,000 வரம்பைத் தாண்டுவதால் கொடுக்காவிட்டால் 10 சதவீதம் பிடிப்பார்கள்.

இப்போது உருப்படியான விஷயம். கிளப்பிங் முதலின் வட்டிக்கு மட்டும்தான். அந்த வட்டியைத் திரும்ப முதலீடு செய்து வரும் வட்டி மனைவியுடையது, உங்களிடம் வராது. ஆக 32 லட்சத்தை அவங்களுக்குக் கொடுத்தால், வருஷா வருஷம் 2,24,000-க்கு வரியை நீங்கள் உங்கள் சம்பளத்திலிருந்து கட்டுங்கள். வட்டி முழுசாக அவங்க தனிக் கணக்கில் தங்கட்டும். அதை 7 சதவீதத்திலேயே போட்டுக்கொண்டு வந்தால் 10 வருஷத்தில் சுமார் 30.95 லட்சம். அதில் 22.4 லட்சம் நீங்கள் வரி கட்டிய வட்டி, மீதி 8.55 லட்சம் அவங்க சொந்த வருமானம், அவங்க வரம்புக்குள் வரி இல்லாமல் சேர்ந்தது. மெதுவான வழிதான், ஆனால் யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை.

இது கெட்டுப்போவது எங்கே என்றால், க்யூமுலேடிவ் எஃப்டி (வட்டி கைக்கு வராமல் முதலோடு சேரும் வகை) போட்டுவிடுவார்கள். முதலின் வட்டியும் வட்டியின் வட்டியும் ஒரே ரசீதில் கலந்துவிடும். ஐந்து வருஷம் கழித்து ஆடிட்டரால் பிரிக்கவே முடியாது. முதலுக்கு காலாண்டு வட்டி தரும் எஃப்டி, வட்டி போய் விழ ஒரு தனி சேமிப்புக் கணக்கு, அதிலிருந்து மட்டும் புதிய எஃப்டிகள். அந்தக் கணக்கில் மளிகைப் பணம், ஜிபே எதுவும் வரக் கூடாது. கொடுக்கும்போது வங்கி மாற்றமாகவே கொடுங்கள். ஒரு வெள்ளைத்தாளில் தேதி, தொகை, யுடிஆர் எண் (வங்கி மாற்றத்தின் குறிப்பு எண்) எழுதி இருவரும் கையெழுத்திட்ட கிஃப்ட் கடிதம் போதும்.

காவிரிக்கரை:
ரிட்டர்ன் பக்கம் சொல்கிறேன். 32 லட்சம் மேடம் பேரில் போனால் 22,400 டிடிஎஸ் அவங்க பானில் விழும். வருமானத்தை நீங்கள் காட்டுவதால் கிரெடிட்டும் உங்களுக்குத்தான் வர வேண்டும். விதி 37பிஏ(2) இதை அனுமதிக்கிறது. ஆனால் ஐடிஆர்-1 என்ற எளிய ரிட்டர்ன் படிவம் போட முடியாது. ஐடிஆர்-2-ல் SPI என்ற அட்டவணையில் (பிறர் வருமானத்தை உங்களுடன் சேர்த்துக் காட்டும் இடம்) மனைவியின் பெயர், பான், தொகை காட்டி, டிடிஎஸ் அட்டவணையில் "மற்றவர்" என்று தேர்ந்தெடுத்து அவங்க பானைப் போட வேண்டும். அவங்களும் ஒரு ரிட்டர்ன் போட்டு அந்தக் கிரெடிட்டை உங்களுக்கு விட்டுக்கொடுத்ததாகக் காட்டுவது நல்லது. இல்லாவிட்டால் அவங்க ஏஐஎஸ்-ல் (வரித் துறை வைத்திருக்கும் ஆண்டு வருமானத் தகவல் பட்டியல்) வட்டி நிற்கும், ரிட்டர்னில் இருக்காது, ஒரு நாள் வரித் துறையிடமிருந்து மெசேஜ் வரும்.

பிபிஎஃப் விட்டுப்போச்சு. மேடம் பேரில் தனிக் கணக்கு, வருஷம் 1.5 லட்சம். வட்டி உங்களிடம் சேர்ந்தாலும் அது விலக்குப் பெற்ற வட்டி என்பதால் வரி பூஜ்யம். ஏப்ரல் 5-க்குள் போட்டால் முழு வருஷ வட்டி. 15 வருஷப் பூட்டு சம்மதமா என்று மட்டும் பாருங்கள்.

மலைக்கோட்டை:
நன்றி சார். மனைவிக்குக் கடனாகக் கொடுத்தால்? அல்லது என் அம்மாவுக்கு (68 வயது) கொடுத்தால்?

பேரேடு:
சந்தை வட்டிக்குக் கடன் கொடுத்தால் கிளப்பிங் இல்லை. ஆனால் அவங்க தரும் வட்டி உங்களுக்கு வருமானம். 7 சதவீதத்துக்கு வாங்கி 7 சதவீத எஃப்டியில் போடுவதில் என்ன லாபம்?

அம்மாவுக்குக் கொடுத்தால் கிளப்பிங் கிடையாது. டிடிஎஸ் வரம்பு ஒரு லட்சம், மொத்த வரி பூஜ்யமானால் 15ஹெச் (15ஜி போலவே, மூத்த குடிமக்களுக்கானது) கொடுக்கலாம். ஆனால் பணம் நிஜமாகவே அம்மாவுடையதாகிவிடும். உயில் இல்லாமல் போனால் உங்கள் அண்ணன் தங்கைகளுக்கும் அதில் சம பங்கு. அம்மா அதை அப்படியே மருமகளுக்குக் கொடுத்தால் பிரிவு 64(1)(vi) அம்மா தலையில் வரும். சுற்றிவிட்டுக் கொடுக்கும் வித்தையை உச்ச நீதிமன்றம் 1963-லேயே சென்னை சி.எம். கோத்தாரி வழக்கில் பார்த்துவிட்டது. தகப்பன் மருமகளுக்கும் மகன் தாய்க்கும் மாற்றிக் கொடுத்ததை ஒரே சங்கிலியாகத்தான் எடுத்துக்கொண்டார்கள்.