சென்னையா, ஐகிரவுண்டா: விருப்பப் பட்டியலில் எதை முதலில் வைப்பது?

முக்கூடல் மாணவி:

அனைவருக்கும் வணக்கம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள் நான். இரண்டாம் முறையாக எழுதிய நீட் தேர்வில் நல்ல மதிப்பெண் கிடைத்திருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுத் தரவரிசையில் எனக்குள்ள இடத்தைப் பார்த்தால், சென்னை மருத்துவக் கல்லூரி, பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி ஆகிய இரண்டில் எதைக் கேட்டாலும் கிடைத்துவிடும் என்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள். கலந்தாய்வுக்கான பட்டியலில் எதை முதலில் வைப்பது என்பதில்தான் இரண்டு வாரமாக எங்கள் வீட்டில் பேச்சு முடியவில்லை.

பணம் இதில் பெரிய தடையில்லை. எங்கள் ஒதுக்கீட்டில் சேருபவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்றுக்கொள்கிறது. புதுமைப் பெண் திட்டத்தில் வரும் மாதம் 1,000 ரூபாய் கைச்செலவுக்கு ஆகும். தடை வேறு. அப்பா கேரளத்தில் கட்டட வேலை பார்க்கிறார். அம்மா பீடி சுற்றுகிறார்; தட்டை விட்டு அரை நாள் எழுந்தால் அன்றைய கணக்கு குறைந்துவிடும். ஆச்சிக்கு இதயம் பலவீனமாக இருப்பதால் மாதம் ஒருமுறை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்வது நான்தான். ஓபி சீட்டு எடுப்பது, கால் வீக்கம் எப்படி இருக்கிறது என்று டாக்டரிடம் சொல்வது, நீர் மாத்திரையின் அளவு மாறினால் நினைவில் வைத்துக்கொள்வது எல்லாம் நான்கு வருடமாக என் வேலை. தம்பி ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான், பொறுப்பு போதாது. டாக்டராக வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வந்ததே அந்த வரிசையில் நின்றபோதுதான் என்பதால், அதே ஆஸ்பத்திரியில் படிக்க ஆசையும் இருக்கிறது. ஆனால் "மெட்ராஸ் கிடைத்தும் விடுவாயா?" என்று கேட்காதவர்கள் இல்லை. படித்தவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

குற்றாலச்சாரல்:

தங்கச்சிக்கு முதலில் வாழ்த்துகள். நான் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியில் படித்தவன். இப்போது தென்காசி மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவமனையில் பணியாற்றுகிறேன். ஆகவே என் பேச்சில் ஒருபக்கச் சாய்வு இருக்கும் என்பதை அறிந்துகொண்டே படியுங்கள்.

சென்னைக் கல்லூரி 1835-இல் தொடங்கியது, நம்முடையது 1965-இல். இடையில் 130 ஆண்டுகள் இருப்பதால் பெயரில் உள்ள வேறுபாடு நியாயமானதே. ஆனால் இரண்டுமே டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. ஒரே பாடத்திட்டம், ஒரே பல்கலைக்கழகத் தேர்வு. பிறகு முதுநிலைப் படிப்புக்கான நீட் எழுதும்போது, இளநிலை எங்கே படித்தாய் என்று அந்த மதிப்பெண் பட்டியல் கேட்பதில்லை. அரசுப் பணியில் சேர்ந்துவிட்டால், மாநில ஒதுக்கீட்டு முதுநிலை இடங்களில் பாதி பணியிலுள்ள மருத்துவர்களுக்கு என்பதும் உங்கள் கணக்கில் இருக்கட்டும். நான் அந்த வழியில்தான் மேற்படிப்புக்குப் போனேன்.

எம்.பி.பி.எஸ். என்பது கையும் காதும் பழகுகிற படிப்பு. காதைப் பற்றிச் சொல்கிறேன். விடியற்காலையில் ஒருவரை அழைத்து வருவார்கள். "வயித்த வலிக்கி, கண்ண முழிக்க முடியல" என்பார். கடிவாய் எதுவும் தெரியாது. ராத்திரி எங்கே படுத்திருந்தார் என்று கேட்கத் தோன்றினால்தான், களத்தில் வெறுந்தரையில் படுத்தவரைக் கட்டுவிரியன் கடித்திருக்கிறது என்பது வெளியே வரும். விரியன்களில் கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் வேறு. அவற்றின் நஞ்சு இரத்தம் உறைவதைக் கெடுக்கும். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி இரத்தத்தை எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்த்தால் போதும். மாஞ்சோலை அடிவாரம் முதல் பிசான நெல் நடுகிற வயல்வரை இப்படிப்பட்டவர்கள் வந்து சேருவது ஐகிரவுண்டுக்குத்தான். தென்காசி 2019-இல் தனி மாவட்டமான பிறகும் அங்கே அரசு மருத்துவக் கல்லூரி இல்லை. "மேலெல்லாம் காந்துது", "தடுமம் பிடிச்சிருக்கு" என்று அவர்கள் சொல்வதை உங்களுக்கு யாரும் பெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. நம் மண்ணின் நோயை நம் பேச்சிலேயே கற்றுக்கொண்டு, உயர்சிறப்புப் படிப்புக்கு வெளியூர் போகலாம் என்பது என் கருத்து.

எழும்பூர் இறங்கியவள்:

தங்கைக்கு வணக்கம். சங்கரன்கோவில் பக்கத்து ஊரிலிருந்து சென்னையிலுள்ள ஓர் அரசுக் கல்லூரிக்குப் போய்ப் படித்தவள் நான். இன்று குழந்தை மருத்துவர். மேலே எழுதியிருக்கும் அண்ணன் சொன்னவை அனைத்தும் உண்மை. "முதலில் இங்கே, பிறகு வெளியூர்" என்ற ஒன்றில் மட்டும் நான் உடன்படவில்லை. அது ஆண்பிள்ளைகளுக்குச் சரியாக வரும் கணக்கு. நம் பக்கத்தில் பதினெட்டு வயதில் படிக்கப் போகிறாள் என்றால் பெருமையோடு ரயிலேற்றி விடுவார்கள். இருபத்து நான்கு வயதில் மேற்படிப்புக்கு வெளியூர் போகிறேன் என்றால், முதலில் மாப்பிள்ளை வீட்டாரைக் கேட்க வேண்டும் என்பார்கள். இப்போது திறந்திருக்கும் கதவு அப்போதும் திறந்திருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள்.

சென்னை மருத்துவக் கல்லூரியின் பலம் அதன் வயது மட்டுமன்று. பொது மருத்துவமனை சென்ட்ரல் எதிரில் இருக்க, குழந்தைகள் மருத்துவமனை, மகப்பேறு மருத்துவமனை, 1819-இல் தொடங்கிய கண் மருத்துவமனை ஆகியவை எழும்பூரிலும், மனநல மருத்துவமனை கீழ்ப்பாக்கத்திலும் தனித்தனி நிறுவனங்களாக இருக்கின்றன. ஒரு துறைக்கு ஒரு மருத்துவமனையே இருக்கும்போது, மற்ற ஊர்களில் புத்தகத்தில் மட்டும் படிக்கும் நோய்களையும் படுக்கை அருகில் நின்று பார்க்கலாம். அலைச்சல் உண்டு, ஐகிரவுண்டு போல எல்லாம் ஒரே வளாகத்தில் அமைந்திருக்காது.

தமிழ் வழியில் படித்ததால் முதலாண்டில் உடற்கூறியல் ஆங்கிலம் மலைப்பாக இருக்கும். அது இரண்டு கல்லூரியிலும் ஒன்றுதான். ஆனால் அருகில் வீடு இருந்தால் சனிக்கிழமை தோறும் ஓடிவரத் தோன்றும். தொலைவில் இருந்தால் வேறு வழியின்றி விடுதித் தோழிகளோடு உட்கார்ந்து படித்துவிடுவோம். எனக்கு அப்படித்தான் நடந்தது. முதல் ஆறு மாதம் அழுததையும் மறைக்கவில்லை. நெல்லை எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் எழும்பூர். 2023 முதல் வந்தே பாரத்தும் ஓடுகிறது, ஏறத்தாழ எட்டு மணி நேரம், ஆனால் மாணவியின் கைக்காசுக்கு அது கட்டுப்படியாகாது. தீபாவளிக்கு ஊருக்கு வர வேண்டுமானால் 60 நாள் முன்பே, முன்பதிவு திறக்கும் காலையிலேயே டிக்கெட் எடுத்துவிடுங்கள்.

சமாதானபுரம் வாத்தியார்:

நான் ஓய்வுபெற்ற ஆசிரியன், மருத்துவன் அல்லன். என் மகள் உள்ளூர்க் கல்லூரி ஒன்றில் மருத்துவம் படித்தாள். யாரும் எழுதாத ஒன்றை மட்டும் சொல்கிறேன். அருகில் படிக்கும் பிள்ளை வீட்டுக்கு மட்டும் பிள்ளையாக இருப்பதில்லை. சித்தப்பாவின் சம்பந்தி முதல் பால்காரர் வரை, "ஆஸ்பத்திரியில் நம்ம பிள்ளை இருக்கு" என்று அவள் எண்ணைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். முதலாண்டில் எலும்புகளின் பெயரைப் படித்துக்கொண்டிருந்தவளை, ஸ்கேன் எடுக்கும் இடத்தில் சொல்லி வரிசையை முந்தித் தரும்படி கேட்டார்கள். மறுத்தால் தலைக்கனம் என்றார்கள். அவள் அதையெல்லாம் தாங்கிக்கொண்டாள். ஆனால் இரண்டாம் ஆண்டில் ஒரு பாடத்தில் தவறியதற்கு அதுவும் ஒரு காரணம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

குற்றாலச்சாரல்:

ஐயா சொன்னதை மறுக்க முடியவில்லை. எனக்கும் அப்படித்தான் அழைப்புகள் வந்தன. ஆண்பிள்ளை என்பதால் "டியூட்டியில் இருக்கிறேன்" என்று சொல்லி நழுவ முடிந்தது. தங்கச்சி, ஒன்று கேட்கிறேன். ஆச்சியை அழைத்துப் போக வேறு ஆள் இருந்தால் எதை முதலில் எழுதியிருப்பீர்கள்? அந்த விடையை முதலில் எடுத்து வைத்துவிட்டு, பிறகு ஆளைத் தேடுங்கள்.

முக்கூடல் மாணவி:

எல்லோருக்கும் நன்றி. அண்ணன் கேட்ட கேள்விக்கு விடை எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இரண்டு நாள் ஆனது. சென்னை என்று எழுதியிருப்பேன். அம்மாவிடம் சொன்னேன். தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஆச்சிட்ட நீயே சொல்லு" என்றார். ஆச்சியோ, ஐகிரவுண்டுக்குப் போகும் பஸ் நம்பர் தனக்கே தெரியும் என்று கோபித்துக்கொண்டார்.

பட்டியலில் சென்னையை முதலிலும் திருநெல்வேலியை இரண்டாவதாகவும் வைத்துப் பூட்டிவிட்டேன். ஆச்சியின் மாத்திரைகளின் பெயர், அளவு, எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எவ்வளவு வீக்கம் வந்தால் மாதம் முடியும்வரை காத்திருக்கக் கூடாது என்பதையெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் தம்பிக்காக எழுதி வைத்திருக்கிறேன். இந்தச் செவ்வாய்க்கிழமை மூவரும் போனோம். நான் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டேன், உள்ளே போகவில்லை. அவனே சீட்டு எடுத்து, டாக்டரைப் பார்த்து, மாத்திரை வாங்கி வர இரண்டரை மணி நேரம் ஆயிற்று. நீர் மாத்திரை ஒன்றிலிருந்து அரையாகக் குறைந்திருப்பதை நோட்டில் அவனே திருத்தி எழுதியிருந்தான். தேதி போட மட்டும் மறந்துவிட்டான்.