36 சீட்டில் போக்கர்: கைகளின் கூட்டுத்தொகை இடிக்கிறது, உதவுங்கள்

கேள்வி:
2 முதல் 5 வரையுள்ள சீட்டுகளை எடுத்துவிட்டு மிச்சம் 36 சீட்டில் போக்கர் ஆடுகிறோம். ஐந்து சீட்டுக் கைகளுக்கு நிகழ்தகவு போட்டுக்கொண்டிருக்கிறேன். 36இல் 5 எடுக்க 3,76,992 வழிகள், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒவ்வொரு வகையாக எண்ணிக் கூட்டினால் 4,13,280 வருகிறது. சில வகைகளை மட்டும் தருகிறேன்: ஃபுல் ஹவுஸ் (ஒரே எண் மூன்று, இன்னொரு எண் இரண்டு) 9×8×4×6 = 1,728, இரண்டு ஜோடி 9×8×6×6×28 = 72,576, ஒரு ஜோடி 1,93,536, எதுவும் சேராத கை 1,22,400. ஏஸ்-6-7-8-9ஐயும் ஸ்ட்ரெயிட் (ஐந்தும் அடுத்தடுத்த சீட்டுகள்) என்றே வைத்திருக்கிறேன். எங்கே இடிக்கிறது?

பதில் 1:
எவ்வளவு கூடுதல் என்று பாருங்கள், 36,288. உங்கள் இரண்டு ஜோடிக் கணக்கில் சரியாகப் பாதி. 9-9-ராஜா-ராஜா என்ற கையை 9 முதலில், ராஜா அப்புறம் என்று ஒரு தடவையும், ராஜா முதலில் என்று இன்னொரு தடவையும் எண்ணியிருக்கிறீர்கள். 9×8ஐ 2ஆல் வகுத்து 36 என்று போடுங்கள், மொத்தம் 3,76,992க்கு வந்துவிடும்.

கேட்டவர்:
ஃபுல் ஹவுஸிலும் அதே 9×8தானே இருக்கிறது, அங்கே வகுக்க வேண்டாமா?

பதில் 1:
வேண்டாம். மூன்று ராஜா இரண்டு 9 வேறு கை, மூன்று 9 இரண்டு ராஜா வேறு கை. இடம் மாற்றினால் கையே மாறுகிறது என்றால் வகுக்கக் கூடாது. இரண்டு ஜோடியில் மாற்றினாலும் அதே கைதான்.

பதில் 2:
கணக்கு சரியானதும் எந்தக் கை பெரிது என்ற வரிசையையும் பாருங்கள், அது ரொம்ப முக்கியம். குறைவாக வரும் கைதான் பெரிது. ஒவ்வொரு சின்னத்திலும் 9 சீட்டுதான் இருப்பதால் ஃபிளஷ் (ஐந்தும் ஒரே சின்னம்) 4×126 = 504, அதில் 24 ஸ்ட்ரெயிட் ஃபிளஷ் (ஒரே சின்னத்தில் ஸ்ட்ரெயிட்) போக 480தான். ஃபுல் ஹவுஸோ 1,728. 52 சீட்டில் ஃபிளஷ் 5,108, ஃபுல் ஹவுஸ் 3,744, அதனால்தான் அங்கே ஃபுல் ஹவுஸ் ஜெயிக்கிறது. இங்கே ஃபிளஷ் ஜெயிக்க வேண்டும். இன்னொன்று, ஒரு ஜோடி 51 சதவீதத்துக்கு மேல் வருகிறது, எதுவும் சேராத கை 32 சதவீதம்தான், 52 சீட்டில் இது தலைகீழ்.

ஏஸ்-6-7-8-9 செல்லாது என்று ஆடுபவர்களும் உண்டு. அப்படியானால் ஸ்ட்ரெயிட் 6,120 என்பது 5,100 ஆகும், ஸ்ட்ரெயிட் ஃபிளஷ் 20, ஃபிளஷ் 484, எதுவும் சேராதது 1,23,420. மற்றதெல்லாம் அப்படியே இருக்கும்.