மஞ்சக்குப்பம் வீட்டுக் குழு: சித்தப்பா ரிப்போர்ட்

வசந்தி சித்தி (மாலை 5:10): ஐசியுல இருக்கற உங்க சித்தப்பாவோட இன்னைக்கி ரிப்போர்ட் போட்டோ போட்டிருக்கேன். ஈஎஸ்ஆர் (அழற்சியைக் காட்டுற ரத்த டெஸ்ட்) 96 இருந்தது, 18 ஆயிடுச்சி. வெள்ளை அணு 21,000 இருந்தது, 3,400க்கு வந்துடுச்சி. எல்லாம் எறங்குதே, அப்புறம் எதுக்கு மூச்சுக் கொழாய் போட்டாங்க? வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்கப்பா.

பாலு மாமா: வசந்தி, ரெண்டாம் பக்கத்தையும் பாரும்மா. ஃபெரிட்டின் (இரும்பைச் சேத்து வெக்கற புரதம், அழற்சியில ஏறும்) 4,200ல இருந்து 26,000 ஏறியிருக்கு. லேப்ல ஆம்பளைங்களுக்கு 300, 400தான் மேல் அளவு. பிளேட்லெட் 3.8 லட்சம் இருந்தது, இப்ப 62,000. ஃபைப்ரினோஜன் (ரத்தத்தை உறைய வெக்கற புரதம்) 130தான், கம்மி. டிரைகிளிசரைடு (ரத்தக் கொழுப்பு) 410, அதிகம். இது குணமாகுற கணக்கு இல்லம்மா.

செந்தில் அண்ணன்: மாமா சொல்றது சரி சித்தி. சித்தப்பாவுக்கு இருக்கறது பெரியவங்களுக்கு வர்ற ஸ்டில்ஸ் நோய், நோய் எதிர்ப்பு சக்தியே உடம்புல அழற்சியைக் கிளப்புற கோளாறு. தெனம் சாயங்காலம் 39 டிகிரிக்கு ஏறி எறங்குற காய்ச்சல், மூட்டு வலி, தொண்டை வலி, காய்ச்சலோட வந்து அதோடயே மறையற ரோஸ் நெறத் தடிப்பு. இதுக்குன்னு தனியா ஒரு டெஸ்ட் கெடையாது. 1992ல யமகுச்சி குழு வகுத்த அளவுகோலை வெச்சி, மத்த நோயெல்லாம் இல்லைன்னு பாத்துட்டுதான் முடிவு பண்றாங்க.

செந்தில் அண்ணன்: இப்ப அது மேக்ரோஃபேஜ் ஆக்டிவேஷன் சிண்ட்ரோமா மாறியிருக்கு. கேஸ் ஷீட்ல எம்ஏஎஸ்னு எழுதியிருப்பாங்க. கிருமியை முழுங்க வேண்டிய செல்லுங்க கட்டுக்கு அடங்காம சொந்த ரத்த அணுவையே முழுங்குது. அதான் வெள்ளை அணுவும் பிளேட்லெட்டும் விழுது. ஈஎஸ்ஆர் ஏறணும்னா ரத்தத்துல ஃபைப்ரினோஜன் இருக்கணும். அதுதான் செவப்பணுவை ஒண்ணோட ஒண்ணு ஒட்ட வெச்சி வேகமா கீழ எறக்கும். அது செலவழிஞ்சி போச்சின்னா ஈஎஸ்ஆர் தானா கொறையும். ஃபெரிட்டின் ஏறும்போது ஈஎஸ்ஆர் எறங்குனா அது ஆபத்து சித்தி. அங்க இருக்கற டாக்டருங்க அதைப் பாத்துதான் வேகமா வைத்தியத்துல எறங்கியிருக்காங்க.

வசந்தி சித்தி: நெஞ்சுல என்னப்பா ஆச்சி?

செந்தில் அண்ணன்: அதே அழற்சிதான். நுரையீரல் காத்துப்பையோட சுவர் சேதமாகி, ரத்தக் குழாய்ல இருந்து நீர் கசிஞ்சி பைக்குள்ள நெறையுது. ஏஆர்டிஎஸ்னு சொல்வாங்க. இதயம் பழுதுபட்டாலும் இப்படி நீர் சேரும், அதான் எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தாங்க. அது நல்லா இருக்கு.

கார்த்தி: அண்ணே, ஐசியு வாசல்ல இருக்கேன். வெண்டிலேட்டர் மெஷின்ல ஒரு மூச்சுக்கு 400 மில்லி காத்துன்னு காட்டுது. கம்மியா வெச்சிருக்காங்களா? மெஷின் குடுக்கற ஆக்சிஜன் 70 சதவீதம்னு இருக்கு. குப்புறப் படுக்க வெக்கணும்னு கையெழுத்து கேக்குறாங்க.

தேவி அக்கா: கம்மி இல்ல கார்த்தி, சரியாதான் இருக்கு. எடையை வெச்சி இல்ல, உயரத்தை வெச்சி கணக்கு. ஆம்பளைக்கி 50, அதோட 152.4க்கு மேல இருக்கற ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 0.91 கூட்டணும். சித்தப்பா 170 செ.மீ. அப்ப கணக்குப்படி 66 கிலோ. கிலோவுக்கு 6 மில்லின்னா 396. அதுக்கு மேல தள்ளுனா நல்லா இருக்கற கொஞ்ச நஞ்ச காத்துப்பையும் கிழியும். பிளாட்டோ பிரஷர் (காத்து உள்ள போயி நின்னப்ப நுரையீரல்ல இருக்கற அழுத்தம்) 30 தாண்டக் கூடாது, அதை மட்டும் கேட்டு வெய்யி. ரத்த வாயு ரிப்போர்ட்ல பிஏஓ2 (ரத்தத்துல இருக்கற ஆக்சிஜன் அழுத்தம்) எவ்ளோ?

கார்த்தி: 84 க்கா.

தேவி அக்கா: 84ஐ 0.7ஆல (அந்த 70 சதவீதம்) வகுத்தா 120. 150க்குக் கீழ போனா குப்புறப் போடணும். கையெழுத்துப் போடு, தாமதிக்காத. மல்லாக்கப் படுத்தா முதுகுப் பக்கத்து நுரையீரல் அமுங்கிக் கெடக்கும், குப்புறப் போட்டா அது விரியும். ஒரு தடவைக்கி 16 மணி நேரமாவது வெப்பாங்க. மொகம், கண் இமை வீங்கும். பாத்துட்டு சித்தி பயப்படக் கூடாது, திருப்பிப் போட்டா வடிஞ்சிடும். கன்னத்துலயும் தாடையிலயும் அழுத்தப் புண்ணு வராம தலையை மாத்தி மாத்தி வெக்கறாங்களான்னு கேளு. கேக்குறது தப்பில்ல.

பெரியம்மா: ஸ்டீராய்டு நெறைய குடுத்தா எலும்பு கரையும்னு முதுநகர்ல ஒருத்தர் சொல்றாரு. நிறுத்தச் சொல்லலாமா? நிலவேம்பு கஷாயம் குடுத்தா என்ன?

செந்தில் அண்ணன்: வேணாம் பெரியம்மா, ரெண்டும் வேணாம். மெத்தில்பிரெட்னிசலோன்ங்கற ஸ்டீராய்டு தெனம் 1 கிராம், 3 நாள். இந்த நேரத்துல உயிரைக் காப்பாத்துற மருந்து அதுதான். எலும்புக்கு அப்புறம் கால்சியம், வைட்டமின் டி பாத்துக்கலாம். திடீர்னு நிறுத்துனா ரத்த அழுத்தம் விழுந்துடும். மூக்குக் கொழாய்ல ஐசியுல குடுக்கறது தவிர ஒரு சொட்டு கூடப் போகக் கூடாது. கல்லீரல் ஏற்கெனவே வீங்கியிருக்கு.

செந்தில் அண்ணன்: ஸ்டீராய்டால சர்க்கரை 300ஐத் தாண்டலாம். இன்சுலின் போட்டா கேள்வி கேக்காதீங்க.

பாலு மாமா: டாக்ஸிசைக்ளின்ங்கற ஆன்டிபயாடிக்கும் ஓடுதே செந்திலு, எதுக்கு?

செந்தில் அண்ணன்: நம்ம பக்கம் ஸ்க்ரப் டைஃபஸ் (சின்னப் பூச்சி கடிச்சி வர்ற காய்ச்சல்) உண்டு மாமா. அதுவே ஃபெரிட்டினை ஏத்தி, மூச்சையும் கெடுத்து, அச்சு அசலா இப்படியே காட்டும். அக்குள், தொடை இடுக்கு, இடுப்புக் கயிறு படற எடம் எல்லாம் சிகரெட் சுட்ட மாதிரி கருப்புப் பொருக்கு இருக்கான்னு தேடணும். டெஸ்ட் ரிசல்ட் வர்ற வரைக்கும் மருந்து ஓடட்டும். கார்த்தி, கல்ச்சர் (கிருமி வளருதான்னு பாக்கற டெஸ்ட்) ரிசல்ட், டிபி, ஹெபடைட்டிஸ் பி மூணும் வந்துச்சான்னு கேளு. அடுத்த மருந்துக்கு அது முக்கியம்.

கார்த்தி: மூணும் நெகட்டிவ்னு சொல்லிட்டாங்க. டோசிலிசுமாப் (அழற்சியை அடக்குற ஊசி மருந்து) எழுதிக் குடுத்திருக்காங்க, வெளிய வாங்கணுமாம்.

பாலு மாமா: கிலோவுக்கு 8 மி.கி. சித்தப்பாவோட நெஜ எடை 60 கிலோ, அப்ப 480. 400 ஒண்ணு, 80 ஒண்ணு வாங்கு. 400க்குப் பதிலா குட்டிக் குட்டி வயலா (மருந்துப் புட்டி) தலையில கட்டுனா வாங்காத. ஐஸ் பாக்ஸ் எடுத்துட்டுப் போ. ஜெல் பேக்கைத் துணியில சுத்தி வெச்சி, வயல் அட்டைப்பெட்டியோட தள்ளி இருக்கணும். 2ல இருந்து 8 டிகிரி. ஐஸ்ல நேராப் பட்டு ஒறைஞ்சா மருந்து வீண். பாண்டில வாங்குனா பஸ் வேணாம், கார்ல நேரா ஐசியு ஃபிரிட்ஜுக்குக் கொண்டு போ.

செந்தில் அண்ணன்: இந்த ஊசிக்கு அப்புறம் சிஆர்பி (அழற்சியைக் காட்டுற இன்னொரு ரத்த டெஸ்ட்) பூஜ்யம் பக்கம் போயிடும். காய்ச்சலும் வராது. உள்ள கிருமி இருந்தாலும் மறைச்சிடும், அதனால அதை நம்பி நிம்மதி ஆகாதீங்க. ஃபெரிட்டின், பிளேட்லெட், ஆக்சிஜன் சதவீதம், இந்த மூணு நம்பரை தெனம் இங்க போடு தம்பி.

தேவி அக்கா: சித்தி, வீட்ல எடுத்த தடிப்பு போட்டோவும் காய்ச்சல் எழுதுன சீட்டும் கார்த்தி கிட்ட குடுத்து விடுங்க. அது இப்ப மறைஞ்சிருக்கும், டாக்டருங்க பாத்திருக்க மாட்டாங்க.

வசந்தி சித்தி: சீட்டு பீரோல இருக்கு. எடுத்துட்டு நானே வர்றேன்.

பாலு மாமா: வர்றப்ப ஆதார், காப்பீட்டு அட்டை ஒரிஜினல் கொண்டாம்மா. கார்த்தி, பில்லுல பேட்ச் நம்பரும் காலாவதி தேதியும் வயலோட ஒத்துப் பாத்துட்டுக் காசு குடு.