கறுப்புக்குள் ஒளிந்த கண்: கேளம்பாக்கம் உப்பளக் கரையில் சாம்பல்தலை வானம்பாடி

உப்பளத்தான்:
சென்னைக்குத் தெற்கே கோவளம், கேளம்பாக்கம் பக்கம் சாம்பல்தலை வானம்பாடி அபூர்வப் பறவை இல்லை. புல் திட்டுத் திட்டாக முளைத்த கட்டாந்தரை போதும். ஆனாலும் ஆண் பறவையின் படங்களில் பெரும்பாலும் கண்ணே இருக்காது. கண்ணின் குறுக்கே கறுப்புப் பட்டை, அதற்குள் கறுப்புக் கண். அதில் ஒரு வெளிச்சப் புள்ளி விழுந்தால்தான் முகம் முகமாகத் தெரியும். அதற்கு வெயில் தாழ்வாகவும் நம் முதுகுப் பக்கமும் இருக்க வேண்டும். பங்குனியில் காலை 6.15 முதல் 7.45 வரை சரியாக இருக்கும். அப்புறம் கானல் எழும்பி படத்தில் இறகெல்லாம் குழைந்துவிடும். பலர் அதை லென்ஸ் கோளாறு என்று நினைக்கிறார்கள்.

பறவை 12-13 செ.மீ. தான். பெரிய சென்சார் உள்ள முழு ஃப்ரேம் கேமராவில் 600 மி.மீ. லென்ஸோடு 10 மீட்டரில் தரையோடு படுத்தால், படத்தின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரும். லென்ஸ் திறப்பு எஃப் 6.3-இல் ஃபோகஸ் ஆழம், அதாவது தெளிவாக விழும் பகுதி, சுமார் 10 செ.மீ. ஏழு மணி வெயிலுக்கு ஷட்டர் வேகம் 1/1600 நொடி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 500-இல் தொடங்கலாம். வெள்ளைக் கன்னத்துக்கு வெளிச்சத்தை அளந்துகொள்ளுங்கள். ரா ஃபைலில் (கேமரா சுருக்காமல் சேமிக்கும் மூலப் படம்) கறுப்பு வயிற்றைப் பிறகு வெளிச்சமாக்கிவிடலாம், வெளுத்துப்போன கன்னத்தை மீட்க முடியாது.

கழிமுகம்:
சார், வெயிலைச் சொன்னீர்கள், காற்றை விட்டுவிட்டீர்கள். தரையில் உட்காரும் குருவி காற்றுக்கு முகம் கொடுத்துத்தான் உட்காரும், இல்லாவிட்டால் இறகு கலைந்துவிடும். விடியலில் இங்கே காற்று பெரும்பாலும் தரையிலிருந்து கடலுக்கு. அப்படியானால் முகம் மேற்கே, கிழக்கில் படுத்திருக்கும் நமக்கு வால். சாயங்காலம் கடற்காற்று, வெயில் மேற்கே, மறுபடியும் வால்தான்! அதனால் நேர் கிழக்கு வேண்டாம். பறவைக்கு ஈசான மூலையிலோ அக்கினி மூலையிலோ படுங்கள். அது தலையைக் கொஞ்சம் திருப்பினாலும் கண்ணில் புள்ளி விழும். காற்று அடங்கிக் கிடக்கும் நாளில் இந்தக் கணக்கெல்லாம் வேண்டியதில்லை.

மணல்மேடு:
பறக்கும் படம் கேட்பவர்களுக்கு: ஆண் சிறகடித்து மேலே ஏறும், சிறகை மூடிக் கல் விழுவதுபோல் விழும், பாதியில் நிமிர்ந்து மறுபடி ஏறும். கூடவே நீளமான ஒரு விசில். அந்த விழுகையைத் துரத்தினால் வெறும் வானம்தான் மிஞ்சும். முடித்ததும் அநேகமாகப் பழைய மண்கட்டிக்கோ கல்லுக்கோ வந்து இறங்கும். அங்கே குறி வைத்து, 1/3200, ஐஎஸ்ஓ 1000 வைத்துக் காத்திருங்கள். ஒற்றைப் புள்ளி ஃபோகஸ் போடுங்கள். அகலமான பகுதி வைத்தால் கேமரா பின்னால் இருக்கும் மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

உப்பளத்தான்:
கழிமுகம் சொன்னது சரி, மூலையாகவே வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, இது கூடு கட்டும் காலம். புல் தூரடியில் சின்னக் குழி, விளிம்பில் பொடிக்கற்கள், இரண்டு மூன்று முட்டை. மண்ணோடு மண்ணாக இருக்கும், காலுக்கடியில் வந்தாலும் தெரியாது. வாயில் பூச்சியோடு ஒரு பறவை அங்கேயே சுற்றிக்கொண்டு இறங்காமல் இருந்தால் கூட்டுப் பக்கம் படுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். வந்த வழியே தவழ்ந்து விலகுங்கள். வெயில் ஏறினால் முட்டைக்கும் குஞ்சுக்கும் தாய்ப்பறவையின் நிழல் வேண்டும். போனில் குரல் போட்டுக் கூப்பிடுவதும் வேண்டாம்.

கழிமுகம்:
கேமராவை ஏசி அறையிலிருந்து நேராகக் கரைக்குக் கொண்டுவந்தால் லென்ஸ் கண்ணாடியில் ஆவி படியும், நல்ல அரை மணி வீண். ராத்திரியே பையை ஹாலில் வைத்துவிடுங்கள். திரும்பியதும் முதலில் ப்ளோயரால் மணலை ஊதிவிட்டு, அப்புறம் ஈரத்துணியால் உப்பைத் துடையுங்கள். வரிசை மாறினால் கீறல்தான்.