மோட்டர்ஹோம் பிறிட்ஜ்: காஸோ, 12 வோல்ற்றோ?

கேள்வி: என்ர மோட்டர்ஹோமில (படுக்க, சமைக்க வசதியுள்ள வாகனம்) காஸில ஓடுற 90 லீற்றர் பிறிட்ஜ் மத்தியானத்தில குளிருதில்லை. எதை மாத்திப் போடலாம்?

பதில் 1: 12 வோல்ற் பற்றரியில ஓடுற கொம்பிரசர் பிறிட்ஜ்தான், அண்ணை. காஸ் பிறிட்ஜில குளிராக்குற அமோனியா குழாய்க்குள்ள தானாகச் சுத்தவேணும். வாகனம் சரிஞ்சு நிண்டா அது தடைப்படும். யாழ்ப்பாணத்து வைகாசி வெக்கையில பின்பக்கச் சூடும் லேசில வெளியேறாது. வாங்கமுதல் பிறிட்ஜ் வைக்கிற பொந்தின்ர அகலம், உயரம், ஆழம் மூண்டையும் அளவுங்கோ.

பதில் 2: வயரில மிச்சம் பிடிக்காதேங்கோ! மெல்லிய வயரில வோல்ற் இறங்கி, பற்றரி நிறைஞ்சிருந்தாலும் கொம்பிரசர் நிண்டுபோகும். கனபேர் பிறிட்ஜைத்தான் பிழை சொல்லுவினம். 5 மீற்றருக்கு 6 சதுர மில்லிமீற்றர் வயர், பற்றரிக்குக் கிட்ட 15 அம்பியர் பியூஸ். 100 அம்பியர் மணி லிதியம் பற்றரியும் 200 வாற் சோலரும் போடுங்கோ.

பதில் 3: பழைய காஸ் குழாயைச் சும்மா மடிச்சு விடாதேங்கோ. சிலிண்டரைப் பூட்டி, குழாய்க்குப் பித்தளை மூடி இறுக்கி, சிலிண்டரைத் திரும்பத் திறந்து மூடியில சவர்க்காரத் தண்ணி பூசிப் பாருங்கோ. குமிழி வந்தா கசிவு. பின்பக்கக் காத்துத் துவாரங்களை அடைக்கவேண்டாம், கொம்பிரசருக்கும் காத்து வேணும்.